தாய்மீன் கட்டிக்கொடுக்கும் சோறு

தோட்டப்புறங்களில் மீன் வளர்ப்புப் புதிய தொழிலன்று. லயங்களுக்குப் பின்னால் வெட்டிய குட்டையிலும், ஓடையை மறித்துக் கட்டிய சிறு குளத்திலும், கைவிடப்பட்ட ஈயக்குட்டையிலும் கெளுத்தியும் திலாப்பியாவும் வளர்த்துக் குடும்பச் செலவுக்குத் துணையாகக் கொள்வோர் உளர். இவர்களுள் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. பணம் கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுகள் முதல் வாரத்திலேயே பெருமளவில் மடிந்துவிடுகின்றன என்பதே அக்குறை. உடலில் புண் இல்லை. நோயின் அடையாளமும் இல்லை. நீரும் தெளிவாகவே இருக்கிறது. காரணம் விளங்காத நிலையில், ‘நமக்கு மீன் கைராசி இல்லை’ என்று சொல்லிக் குட்டையைத் தூர்த்துவிட்டவர்களும் உண்டு.

இது கைராசியைப் பொறுத்ததன்று. முட்டை உருவாகும் காலந்தொட்டுக் குஞ்சு தானே இரை தேடும் நாள்வரை அதன் உடலுக்குள் பெரும் மாற்றங்கள் நிகழ்கின்றன. புரதங்கள் சேர்வதும் கரைவதும், ஹார்மோன் எனப்படும் சுரப்பு நீர்கள் குறைவதும் கூடுவதும் ஒரு முறைப்படி நடைபெறுகின்றன. அம்முறையை அறிந்தவர் எந்த நாளில் எதைச் செய்யவேண்டும் என்பதை அறிவார். அறியாதவர் நல்ல எண்ணத்தோடு செய்யும் செயலும் குஞ்சுக்குக் கேடாக முடியக்கூடும். ஆகவே அம்மாற்றங்களை இங்கு ஒவ்வொன்றாகக் காண்போம்.

முட்டைக்குள் இருக்கும் உணவு

ரப்பர் விதையை நாம் அனைவரும் அறிவோம். மண்ணில் விழுந்த விதை முளைத்து, தண்டு நீண்டு, முதல் இலை விரியும் வரையில் அதற்கு வெளியிலிருந்து உரம் தேவையில்லை. பருப்பில் சேர்த்து வைத்த உணவே அதனைக் காக்கிறது. இலை விரிந்து வேர் பிடித்த பின்னரே கன்று தன் உணவைத் தானே தேடிக்கொள்கிறது. மீன் முட்டையின் நிலையும் இத்தகையதே. விதைக்குப் பருப்பு எப்படியோ, முட்டைக்கு மஞ்சள் கரு அப்படி.

இம்மஞ்சள் கருவின் முதன்மையான பொருள் புரதம். அது முட்டைக்குள்ளேயே தோன்றுவதில்லை. தாய்மீனின் சினைப்பை ஈஸ்ட்ரஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, ‘முட்டைக்கு வேண்டிய புரதத்தை உண்டாக்கு’ என ஏவுகிறது. கல்லீரல் உண்டாக்கும் அப்புரதத்திற்கு வைட்டெல்லோஜெனின் என்று பெயர். அது மீண்டும் இரத்தத்தில் கலந்து சினைப்பைக்குச் சென்று, முட்டைகளுக்குள் புகுந்து, மஞ்சள் கருவாகப் படிகிறது. காட்டுக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டுவது போன்றதே இது. தாய்மீனுக்கோ அந்தச் சோற்றைக் கட்டி முடிக்க ஓர் இரவு போதாது. பல வாரங்கள் ஆகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. முட்டையிடும் நாள் நெருங்கிய பின் தாய்மீனுக்கு நல்ல தீனி கொடுப்பதால் பெரும்பயன் விளையாது. முட்டை முதிரும் காலம் முழுவதும் தாய்மீன் புரதம் நிறைந்த தீனியைப் பெற்றிருத்தல் வேண்டும். மெலிந்த தாயின் முட்டையில் கட்டுச்சோறும் குறைவாகவே இருக்கும்.

செங்கல்லும் அதுவே, விறகும் அதுவே

நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுப்பொருள் நமக்கு உழைக்கும் ஆற்றலைத் தருகிறது. பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் பெரும்பாலும் உடலைக் கட்டப் பயன்படுகிறது. மீன் கருவில் இவ்விரு வேலைகளும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்திருப்பதில்லை. மஞ்சள் கருவிலுள்ள புரதம் சிறிது சிறிதாக உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றின் ஒரு பகுதி தசையாகவும், கண்ணாகவும், துடுப்பாகவும் உருப்பெறுகிறது. மற்றொரு பகுதி எரிந்து, கரு வளர்வதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. வீடு கட்டும் செங்கல்லும் புரதமே; அடுப்பில் எரியும் விறகும் புரதமே. கொழுப்பும் எரிபொருளாக உதவுகிறது எனினும், புரதத்தின் பங்கு மிகப் பெரிது.

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுவது போலப் புரதம் எரிந்தால் அம்மோனியா மிஞ்சுகிறது. அது நீரில் கலக்கிறது. பார்வைக்கு நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். ஆயினும் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நெருங்கிக் கிடக்கும் தொட்டியில் அம்மோனியா அவற்றைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்திருக்கலாம். தெளிந்த நீரில் குஞ்சு மடிவதற்கு இது ஒரு காரணமாகும். குஞ்சுத் தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதும் இதனாலேயே.

ஹார்மோன் என்பது யாது?

ஹார்மோன் என்பது உடலின் ஓரிடத்தில் மிகச் சிறிய அளவில் சுரந்து, வேறோரிடத்தில் பெரிய வேலையைத் தொடங்கி வைக்கும் பொருள். பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பட்டையில் தடவும் எத்தெஃபோன் என்னும் ஊக்கமருந்து மரத்துக்குள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. எத்திலீன் தாவரங்களின் ஹார்மோன்களுள் ஒன்று. சிறிதளவு மருந்து பால் நெடுநேரம் வடியச் செய்கிறது. அளவு மீறினால் பட்டை வறண்டு மரம் கெடுகிறது என்பதும் நாம் அறிந்ததே. மீனின் ஹார்மோனுக்கும் இவ்விரு குணங்களும் உண்டு: சிறிய அளவில் பெரும்பயன், மிகுந்தால் கேடு.

மீன் குஞ்சின் தொடக்க வாழ்வில் தைராய்டு ஹார்மோனுக்குச் சிறப்பிடம் உண்டு. தைராய்டு என்பது நம் கழுத்திலும் உள்ள சுரப்பி; அது வேலை செய்ய அயோடின் தேவை. இந்த ஹார்மோனின் ஆற்றலைத் தெளிவாகக் காட்டியது தவளையின் தலைப்பிரட்டை. 1912-ஆம் ஆண்டில் குடர்நாட்ச் என்னும் அறிஞர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை காலம் வருமுன்பே வால் சுருங்கிக் கால் முளைத்துச் சிறு தவளைகளாயின. மீனிலும் இதற்கு ஒப்பான செயல் நிகழ்வதை 1985-இல் ஜப்பானிய அறிஞர்கள் இனுயியும் மீவாவும் காட்டினர். மலாய்க்காரர் ‘ஈக்கான் செபெலா’ என்று கூறும் தட்டை மீன் வகைகளில், குஞ்சாக இருக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள கண்கள் வளரும்போது ஒரே பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. இம்மாற்றத்தை நடத்துவது தைராய்டு ஹார்மோனே என்பது அவர்கள் கண்டது.

மற்றொன்று கார்ட்டிசால் என்னும் ஹார்மோன். உடலிலுள்ள உப்பையும் நீரையும் சமன் செய்ய இது உதவுகிறது. மீன் அச்சத்திற்கோ அலைக்கழிப்பிற்கோ ஆளாகும்போது இது இரத்தத்தில் மிகுதியாகச் சுரக்கிறது.

கையிருப்புத் தீரும் நாள்

புதிதாகக் கருவுற்ற முட்டையில் சுரப்பி எதுவும் இல்லை. ஆயினும் அம்முட்டையைச் சோதித்தால் தைராய்டு ஹார்மோனும் கார்ட்டிசாலும் அதில் காணப்படுகின்றன. இவை தாயின் இரத்தத்திலிருந்து மஞ்சள் கருவோடு சேர்ந்து வந்தவை. கட்டுச்சோற்றோடு மருந்துப் பொட்டலத்தையும் தாய் வைத்து அனுப்பியிருக்கிறாள் எனலாம்.

பல வகை மீன்களில் கண்ட முறை இதுவாகும். கரு வளர வளரத் தாய் கொடுத்த ஹார்மோன்களின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. பின்னர்க் குஞ்சின் சொந்தச் சுரப்பிகள் உருவாகி வேலையைத் தொடங்குகின்றன. அளவு மீண்டும் உயர்கிறது. கார்ட்டிசால் பொரிக்கும் வேளையை ஒட்டி மிகத் தாழ்ந்து, அதன்பின் ஏறுகிறது. தைராய்டு ஹார்மோனோ மஞ்சள் கரு தீரும் காலத்தை ஒட்டித் தாழ்ந்து, குஞ்சு மீனின் முழு உருவை அடையும் காலத்தில் உயர்கிறது.

தாயின் கொடை தீர்வதற்கும் சொந்தச் சம்பாத்தியம் தொடங்குவதற்கும் இடையிலுள்ள அச்சில நாள்களே குஞ்சின் வாழ்வில் மிக ஆபத்தானவை. அந்நாள்களில் உணவும் தீர்கிறது, ஹார்மோனும் குறைந்திருக்கிறது, குடலும் முதிரவில்லை.

தாயின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு சான்றாகும். 1988-இல் வெளியான அவ்வாய்வில், வரிப்பாஸ் என்னும் மீனின் தாய்களுக்கு முட்டையிடுமுன் தைராய்டு ஹார்மோன் ஊசி போடப்பட்டது. அவற்றின் குஞ்சுகளில் காற்றுப்பை நன்கு விரிந்தவையும் உயிர் பிழைத்தவையும் மிகுதியாக இருந்தன. கார்ட்டிசாலைப் பொறுத்தவரை நிலைமை மாறானது. அலைக்கழிக்கப்பட்ட தாய்களின் முட்டையில் அது மிகுந்து, குஞ்சுகள் சிறுத்துப்போவது சில மீன்களில் காணப்பட்டுள்ளது. சினைமீனை அடிக்கடி வலையிட்டுப் பிடித்துப் பார்ப்பதும், நெருக்கமான வாளியில் நெடுநேரம் வைப்பதும் ஆகா என்பது இதனால் பெறப்படும்.

கெளுத்திக் குஞ்சின் முதல் இரண்டு வாரங்கள்

மலாய்மொழியில் ‘கெலி’ எனப்படும் கெளுத்தியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் குளங்களில் இன்று பரவலாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி 1980-களில் இங்கு வந்தது. குளத்தில் அடைபட்ட பெண் கெளுத்தியின் சினை முதிர்ந்தாலும் அது எளிதில் முட்டையிடுவதில்லை. வெள்ளம் புரளும் இயற்கைச் சூழல் அங்கு இல்லாமையே காரணம். ஆகவே பொரிப்பகங்களில் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றையோ, அதற்கு ஈடான மருந்தையோ ஊசி மூலம் செலுத்துகின்றனர். இவ்வழியில் இந்தியக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டவர்கள் ஹிராலால் சௌதுரியும் அலிக்குன்னியும் ஆவர். ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அவ்வெற்றி கிட்டியது. அந்நாளை இந்தியா மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறது.

கெளுத்தியின் ஒரு கிராம் முட்டையில் ஏறத்தாழ 600 முதல் 700 முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கடுகளவே. அவ்வளவு சிறிய முட்டையில் கட்டிவைக்கக்கூடிய சோறும் சிறிதே. 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிக்கிறது. பொரித்த குஞ்சு வயிற்றடியில் மஞ்சள் பையுடன் ஊசிமுனைபோல் தோன்றும். இருண்ட மூலைகளில் கும்பலாக ஒதுங்கிக் கிடக்கும். அப்போது அதற்குத் தீனி வேண்டுவதில்லை. இரக்கப்பட்டு இடும் தீனி நீரில் அழுகிக் குஞ்சைக் கொல்லும்.

ஏறத்தாழ மூன்றாம் நாளில் பை சுருங்கிக் குஞ்சு நீந்தத் தொடங்குகிறது. அன்று இரை கிடைத்தாகவேண்டும். பசியால் ஓர் எல்லைக்கு மேல் மெலிந்த குஞ்சுக்குப் பின்னர் எவ்வளவு இரை இட்டாலும் அதனைப் பிடித்துண்ணும் வலிமை இராது. அது நீந்திக்கொண்டுதான் இருக்கும், எனினும் பிழைக்காது.

கெளுத்தி சேற்றிலும் வாழும், அழுக்கு நீரிலும் வாழும் என்பது நம்மவர் நம்பிக்கை. பெரிய கெளுத்தியைப் பொறுத்தவரை இது உண்மையே. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. ஆனால் அவ்வுறுப்பு குஞ்சுக்குப் பிறவியிலேயே அமைவதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சென்ற பின்னரே அது பயன்படத் தொடங்குகிறது. அதுவரை கெளுத்திக் குஞ்சும் மற்ற மீன் குஞ்சுகளைப் போல் நீரிலுள்ள உயிர்வளியையே நம்பி வாழ்கிறது. தாய் வாழும் சேற்றில் பிள்ளையும் வாழும் என எண்ணி ஏமாறலாகாது.

இரைப்பை இல்லாத குஞ்சு

முதன்முதலாக இரையெடுக்கும் கெளுத்திக் குஞ்சுக்கு வேலை செய்யும் இரைப்பை இல்லை. இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்னும் செரிமானப் புரதமும் சுரந்தால்தான் கடினமான புரத உணவு நன்கு செரிக்கும். குஞ்சிடம் அப்போது உள்ளவை, கணையம் சுரக்கும் டிரிப்சின் முதலிய சிலவே. அவற்றால் மென்மையான உயிருணவையே எளிதில் செரிக்க முடியும். மலாய்மொழியில் ‘குத்து ஆயர்’ எனப்படும் நீர்த்தெள்ளும், பொரிப்பகங்கள் பயன்படுத்தும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலும் அத்தகைய உணவுகள். கெளுத்திக் குஞ்சு இரையெடுக்கத் தொடங்கி நான்கு அல்லது ஐந்து நாள்கள் சென்ற பின் இரைப்பை செயற்படத் தொடங்குகிறது. அதன் பின்னரே பொடித்த தீனிக்குப் படிப்படியாக மாற்றலாம். பச்சைக் குழந்தைக்குச் சோறூட்டும் தாய் எவரும் இலர்; மீன் குஞ்சுக்கும் அதே நியாயந்தான்.

கடலோரக் கூண்டுகளில் வளர்க்கும் சியாக்காப் மீனில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. தமிழ்நாட்டில் கொடுவா எனப்படுவதும் இம்மீனே. அதன் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவு உடையது. அதன் குஞ்சின் செரிமான உறுப்புகளை ஆராய்ந்து சிங்கப்பூர் அறிஞர்கள் வால்ஃபோர்டும் லாமும் 1993-இல் கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சென்ற பின்னரே இரைப்பை வேலை செய்யத் தொடங்குவதாக அதனால் தெரியவந்தது. அதுவரை நுண்ணுயிர்களையே உணவாக வளர்த்துக் கொடுக்கவேண்டியிருப்பதால் சியாக்காப் பொரிப்பகத் தொழில் மிகுந்த உழைப்பைக் கேட்கிறது.

திலாப்பியா: வாயில் சுமக்கும் தாய்

திலாப்பியாவின் வழி வேறு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்ததால் ‘ஜப்பான் மீன்’ எனப் பெயர் பெற்ற மொசாம்பிக் திலாப்பியாவும், இன்று சந்தையில் விரும்பப்படும் சிவப்புத் திலாப்பியாவும் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும் இனங்கள். முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலோ பெரியவை. கட்டுச்சோறு நிறைய இருப்பதால் குஞ்சு தாயின் வாயிலேயே பல நாள் வளர்ந்து, ஓரளவு முதிர்ந்த நிலையில் வெளிவருகிறது. கெளுத்தி பல்லாயிரம் குஞ்சுகளுக்குச் சிறிது சிறிதாகப் பங்கிட்டதைத் திலாப்பியா சில நூறு குஞ்சுகளுக்குத் தாராளமாகக் கொடுக்கிறது. புதிதாக வளர்க்கத் தொடங்குவோர்க்குத் திலாப்பியா எளிதாக இருப்பதன் இரகசியம் இதுவே.

மொசாம்பிக் திலாப்பியாவின் குஞ்சுகளைத் தைராக்சின் கலந்த நீரில் வளர்த்தால் அவை விரைவாக முதிர்ந்து மிகுதியாகப் பிழைக்கின்றன என்று லாம் 1980-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இதனைக் கேட்டவுடன் அம்மருந்தை வாங்கிக் குளத்தில் கலக்கலாமே எனத் தோன்றக்கூடும். அது கூடாது. அளவு சிறிது மிகுந்தாலும் துடுப்பும் எலும்பும் கோணிவிடும். ஆய்வுக்கூடத்துத் தராசும் கண்காணிப்பும் நம் குட்டையோரத்தில் இல்லை.

மற்றொரு ஹார்மோனைப் பற்றியும் ஐயங்கள் எழுவதுண்டு. திலாப்பியாவில் ஆண்மீனே விரைந்து பருக்கிறது. மேலும், ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் குளம் முழுவதும் சிறு குஞ்சுகள் பெருகித் தீனிக்குப் போட்டியாகின்றன. ஒரு சென்டிமீட்டர் அளவிலுள்ள குஞ்சின் உடல் ஆணாவதா பெண்ணாவதா என இன்னும் உறுதிப்படாத நிலையில் இருக்கிறது. அப்போது ஆண்மை ஹார்மோன் கலந்த தீனியை மூன்று அல்லது நான்கு வாரம் கொடுத்தால் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே வளர்கின்றன. பல நாடுகளின் பொரிப்பகங்களில் இம்முறை வழக்கத்தில் உள்ளது. அம்மீனை உண்ணலாமா எனச் சிலர் அஞ்சுகின்றனர். அத்தீனியை நிறுத்திய சில நாள்களிலேயே ஹார்மோனின் பெரும்பகுதி குஞ்சின் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. நம் தட்டுக்கு வரும் மீனோ அதன்பின் பல மாதம் வளர்ந்தது. உண்மையில் எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர் அம்மருந்தைக் கையால் கலப்பவரே. கருவுற்ற பெண்கள் அதன் அருகிலும் செல்லலாகாது. முறையான பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாமல் வீட்டில் அதனைக் கையாளுதல் தகாது.

நாம் செய்யவேண்டுவன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், அதன் வயதையும் அது எந்தத் தீனிக்குப் பழகியுள்ளது என்பதையும் கேளுங்கள். மிகச் சிறிய குஞ்சு மலிவாகக் கிடைக்கும். ஆயினும் ஆபத்தான நாள்களைக் கடக்கும் பொறுப்பை அதனோடு சேர்த்து நாம் விலைக்கு வாங்குகிறோம். ஆயிரம் குஞ்சு வாங்கிப் பாதியை இழப்பதைவிட, இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்த ஐந்நூறு குஞ்சு வாங்குவது அறிவுடைமை.

இரண்டாவது, சொந்தமாகக் குஞ்சு பொரிக்க விரும்புவோர் நீர்த்தெள்ளை முன்னதாகவே வளர்த்து வைத்திருக்கவேண்டும். குஞ்சு நீந்தத் தொடங்கிய பின் இரை தேடி ஓடினால் காலம் கடந்துவிடும். நாளுக்கு ஒருமுறை வயிறு புடைக்க இடுவதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் நன்று.

மூன்றாவது, குஞ்சுத் தொட்டியின் அடியில் தங்கும் மிச்சத்தை நாள்தோறும் குழாயால் உறிஞ்சி நீக்கி, நீரின் ஒரு பகுதியை மாற்றுங்கள். குழாய் நீரைக் குளோரின் நீங்கும்வரை வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

நான்காவது, தாய்மீனுக்கு முட்டை முதிரும் காலம் முழுவதும் நல்ல தீனி கொடுங்கள், அதனை அலைக்கழிக்காதீர்கள்.

ஐந்தாவது, ‘ஒரே வாரத்தில் பெருக்கும்’ என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகளையும் திரவங்களையும் வாங்காதீர்கள்.

நம்பிக்கைக்குரிய பொரிப்பகம் எங்குள்ளது, குளத்து நீரை எவ்வாறு சோதிப்பது என்பன போன்ற விவரங்களை அருகிலுள்ள மாவட்ட மீன்வள இலாகா அலுவலகத்தில் கேட்டறியலாம். நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கிளாமி லெமியில் நன்னீர் மீன்களுக்கென்றே அவ்விலாகாவின் ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது.

கன்று வைத்தவுடன் பால் வெட்ட இயலாது என்பதையும், இளங்கன்றைக் காத்த கையே பின்னாளில் பயன் பெறும் என்பதையும் தோட்ட மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாற்றுமேடையில் காட்டும் அக்கறையை மீன் குஞ்சின் முதற் சில நாள்களிலும் காட்டுவோமாயின், குட்டையில் இட்ட பணம் வீணாகாது. பிள்ளைகளின் தட்டிலும் மீன் குறையாது.